பெருத்த இருதயத்திற்குச் சாட்டை ஆகுமா?

ஊக்கம் என்னும் சொல் நம் மொழியில் என்றும் நன்மைப் பொருளிலேயே வழங்கி வருகின்றது. வள்ளுவனார் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆசிரியர் மாணவரை ஊக்குவர். தந்தை மகனை ஊக்குவர். தேர்வில் தவறியவனுக்கு ஊக்கமொழி கூறாதாரைக் கல்நெஞ்சர் என்பர். ஆதலின், ஊக்கம் ஊறு விளைக்கும் இடமும் ஒன்று உண்டு என யாம் கூறப் புகின், அன்பர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். அவ்விடம் நம் மார்பினுள்ளேயே இருக்கின்றது. நோயினாற் பெருத்துத் தளர்ந்த இருதயத்தை நாள்தோறும் தூண்டுதல் அதன் வாழ்நாளைக் குறைத்தல் ஆகும் என்பதும், தூண்டுதலைத் தணித்தலே அதற்கு நாம் செய்யும் உதவி என்பதும், மருத்துவ உலகம் சென்ற அரை நூற்றாண்டில் அரிதின் முயன்று கற்ற பாடம். அப்பாடம் மருத்துவ நூல்களில் ஏறிவிட்டது. நம் மக்கள் செவியில் இன்னும் ஏறவில்லை.

கோவை மாநகரின் காந்திபுரத்தில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்ப்பவர்க்கு இதன் உண்மை விளங்கும். சத்தியமங்கலத்தினின்றும் திருப்பூரினின்றும் வரும் பேருந்துகள் மக்களை இறக்கிவிடுகின்றன. மருத்துவரை நாடி வந்தோரும் அவருள் உளர். நிலையத்தைச் சூழ்ந்த தெருக்களில் மருந்துக் கடைகளுக்குக் குறைவில்லை. நடந்தால் மூச்சு வாங்குகின்றது, கணுக்காலில் வீக்கம் காண்கின்றது, படுத்தால் இருமல் வருகின்றது என்று துன்புறும் முதியவர், இருதயம் பெருத்திருப்பதை அறியாதவராய், “தெம்பே இல்லீங்க, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி விடுங்க” என்று கேட்பது கொங்கு நாட்டில் எங்கும் கேட்கும் குரல். முன்னரே நீர் மிகுந்து திணறும் உடம்பில் மேலும் நீரை ஏற்றுதல் என்னாம் என்று அவர் எண்ணுவதில்லை. இருமலுக்கென்று கடையில் வாங்கும் பாகு மருந்திலோ, டெர்பூட்டலின் அல்லது சால்பூட்டமால் என்னும் அட்ரினலின் இனத்துச் சரக்குக் கலந்திருத்தல் உண்டு. இவற்றையெல்லாம் விருப்பொடு ஏற்பவர், மருத்துவர் எழுதிக் கொடுத்த ‘நாடியைத் தணிக்கும்’ மாத்திரையை மட்டும் ஐயுற்று நோக்குகின்றார். “அந்த மாத்திரை போட்டா கை காலெல்லாம் ஓஞ்சு போகுதுங்க” என்று ஒரு திங்களில் நிறுத்திவிடுகின்றார்.

இவரைப் பேதையர் என்று இகழ்தல் எமக்கு உடன்பாடன்று. இளைத்தது எதுவோ அதற்கு வலுவூட்டுக என்பது இயல்பான அறிவு. 1970 ஆம் ஆண்டளவும் மேல்நாட்டு மருத்துவப் பேராசிரியர்களும் அவ்வாறே எண்ணினர். தளர்ந்த இருதயத்திற்கு நாடி தணிக்கும் மருந்தைக் கொடுத்தல் பெரும்பிழை என்றே தம் மாணாக்கர்க்குக் கற்பித்தனர். பேராசிரியர்க்கே ஒரு தலைமுறை வேண்டியிருந்த பாடத்தைப் பேருந்தில் வந்திறங்கும் உழவர் ஒரு நொடியில் உணரவேண்டும் என்று எதிர்பார்த்தல் முறையாகாது. அவர்க்கு அதனை விளங்கச் சொன்னார் யார் என்பதே கேள்வி.

அட்ரினலின் என்பது யாது? நம் சிறுநீரகங்கள் இரண்டின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்தாற்போல ஒவ்வொரு சிறு சுரப்பி அமர்ந்துள்ளது. 1894 ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஆலிவர் என்னும் ஆங்கில மருத்துவரும், ஷேபர் என்னும் உடலியற் பேராசிரியரும் அச்சுரப்பியின் சாற்றை விலங்குகளின் இரத்தத்திற் செலுத்தி, இரத்த அழுத்தம் விரைந்து உயர்தலைக் கண்டு வியந்தனர். 1901 இல் ஜப்பானியராகிய தகாமினே அமெரிக்காவில் அதனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்துக் காட்டினார். அச்சமோ சினமோ எழும்பொழுது உடம்பு போருக்கோ ஓட்டத்திற்கோ ஆயத்தமாவது இதனாலேயே என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வால்ட்டர் கானன் விளக்கினார். 1946 இல் சுவீடன் நாட்டு வான் ஆய்லர், நரம்பு நுனிகளிலிருந்து கசிவது அதன் உடன்பிறப்பாகிய நாரட்ரினலின் எனத் தெளிவித்தார். இப்பொருள்கள் உயிரணுவினுட் செய்தி சொல்லும் வாயில்கள் ஆல்பா, பீட்டா என இருவகைப்படும் என 1948 இல் அமெரிக்கரான ஆல்க்விஸ்ட் வகுத்தார். இருதயத்தில் மிக்கிருப்பன பீட்டா வாயில்களே.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் இரவில் வாழைத் தோட்டத்தினுள் யானை புகுந்ததைக் கண்ட உழவரை எண்ணிப் பாருங்கள். அவர் எண்ணி முடிக்குமுன் அட்ரினலின் எழுகின்றது. இருதயத்தின் துடிப்பு மிகுகின்றது. ஒவ்வொரு துடிப்பின் விசையும் மிகுகின்றது. தசைகள் விரைந்து சுருங்குவதோடு விரைந்து தளரவும் செய்கின்றன. ஓய்வில் நிமிடத்திற்கு ஐந்து லிட்டர் அளவில் இரத்தம் இறைக்கும் இருதயம், திடமுள்ள இளைஞர் மார்பில் இருபது லிட்டர் வரை இறைக்க வல்லது. அவர் ஓடித் தப்புகின்றார். சிறிது பொழுதில் நாடி அடங்குகின்றது. சாட்டை ஒரு முறை வீசப்பட்டது. பிறகு சுருட்டி வைக்கப்பட்டது. நல்ல இருதயத்திற்கு இதனால் தீங்கில்லை.

மின்சாரம் வருமுன் கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை இறைத்ததை முதியோர் சொல்லக் கேட்டிருப்போம். இணை எருதுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும், நீர் மேலேறும், பின்னர் எருதுகள் பின்வாங்கி மேலே வரும். அங்ஙனம் பின்வாங்கும் பொழுதே எருதிற்கு மூச்சுவிட இடம். கைதேர்ந்த கவலைக்காரர் அந்த இடைவேளையை விரட்டிக் குறைக்கமாட்டார். கொழுத்த எருதைச் சாட்டையால் தொட்டால் துள்ளி இழுக்கும். எலும்பு தெரிய இளைத்த எருதைத் தாற்றுக்கோலாற் குத்தினால், அதுவும் இரண்டு நடை விரைந்து செல்லும். மூன்றாம் நடையில் முழங்காலிட்டு வீழும். முதல் இரண்டு நடையை மட்டும் பார்த்தவர், குத்தியதே மருந்து என்று சொல்லக்கூடும். மருத்துவ உலகமும் நெடுநாள் அந்த இரண்டு நடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

இருதயம் பெருத்தல் என்பது ஒருவகைத்தன்று. இரத்த அழுத்தம் ஆண்டுக் கணக்கில் மிக்கிருந்தால் அதன் சுவர் தடிக்கின்றது. மாரடைப்பால் ஒரு பகுதி வடுவானாலும், இளமையில் வந்த வாதசுரத்தால் வால்வுகள் பழுதுற்றாலும், மது மிகுந்தாலும், பிறவிக் குறையாலும் அறைகள் விரிந்து சுவர் மெலிகின்றது. ஓட்டக்காரர்க்கும் இருதயம் பெருப்பதுண்டு. 1899 இல் சுவீடன் மருத்துவர் ஹென்ஷன் பனிச்சறுக்கு வீரர்களின் மார்பைத் தட்டிப் பார்த்தே இதனைக் கண்டறிந்தார். அப்பெருக்கம் பயிற்சியால் வந்த வளர்ச்சி, நோயன்று. யாம் ஈண்டுப் பேசுவது நோயினால் வந்த பெருக்கத்தையே.

விரிந்த இருதயத்தின் இடரைக் கோவையின் பம்புத் தொழிலாளிக்கு விளக்குதல் எளிது. ஒரே அழுத்தத்திற்குச் சிறிய குழாயினும் பெரிய குழாயின் சுவர் மிகுதியான இழுவிசையைத் தாங்கவேண்டும். இது லாப்பிளாஸ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் பெயரால் வழங்கும் விதி. ஆகவே விரிந்த அறை, முன்பிருந்த அழுத்தத்தை உண்டாக்குதற்கே முன்னினும் பன்மடங்கு உழைக்கின்றது. மின் அழுத்தம் தாழ்ந்த வேளையில் கிணற்று மோட்டாரை வற்புறுத்தி ஓட்டினால் அது மிகுந்த மின்னோட்டத்தை உறிஞ்சிக் கம்பிச்சுருளையே எரித்துக்கொள்ளும் என்பதை நம் உழவர் பணம் இழந்து கற்றிருக்கின்றனர். தளர்ந்த இருதயத்திலும் எரிபொருட் பஞ்சம் உண்டு. தசையின் கைம்முதலாகிய பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளை 1927 இல் ஹார்வர்டில் பிஸ்கேயுடன் கண்டறிந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று சென்ற எல்லாப்பிரகட சுப்பராவ் என்பது நம் மாணவர் பலர்க்குத் தெரியாது. அக்கைம்முதல் தளர்ந்த இருதயத்திற் குறைந்திருக்கின்றது. கைம்முதல் இல்லாதவனை வாணிகத்தைப் பெருக்குக என்று விரட்டினால் அவன் கடனாளியாகின்றான்.

இனித் தளர்ந்த இருதயம் அட்ரினலினை எங்ஙனம் எதிர்கொள்கின்றது என்பதே நம் பொருளின் நடுவிடம். இரத்த ஓட்டம் குறைந்ததை அறிந்த மூளை, பகைவன் எதிர்ப்பட்டாற்போல நரம்புகளைத் தூண்டுகின்றது. யானை ஒரு நொடியிற் போய்விடும். இந்தத் தளர்ச்சியோ போவதில்லை. எனவே சாட்டை இரவும் பகலும் வீசப்படுகின்றது. 1984 இல் அமெரிக்க மருத்துவர் ஜே கோன் குழுவினர் 106 நோயாளரின் இரத்தத்தில் நாரட்ரினலினை அளந்து, அதன் அளவு எவர்க்கு மிகுந்திருந்ததோ அவரே விரைவில் இறந்தனர் எனக் கண்டனர். இருதயமும் வாளா இருப்பதில்லை. ஓயாமல் தட்டப்படும் கதவை வீட்டார் அடைத்துக்கொள்வது போலத் தன் பீட்டா வாயில்களை அடைத்துக்கொள்கின்றது. 1982 இல் மைக்கேல் பிரிஸ்டோ குழுவினர், இருதய மாற்றுச் சிகிச்சையில் அகற்றப்பட்ட தளர்ந்த இருதயங்களை ஆராய்ந்து, பீட்டா வாயில்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருத்தலை வெளியிட்டனர். பழுது என்று முதலிற் கருதப்பட்ட இது தற்காப்பும் ஆகும் என்பது எம் கருத்து. அடைத்த கதவை இன்னும் வலுவாகத் தட்டுவதே ஊக்க மருந்து செய்யும் தொழில்.

மற்றொன்றும் கருதத்தக்கது. துடிப்பு விரைந்தால் விசையும் மிகும் என்பது 1871 இல் பௌடிச் என்பார் தவளையின் இருதயத்திற் கண்ட உண்மை. நல்ல மனித இருதயத்திற்கும் அது பொருந்தும். தளர்ந்த இருதயத்தில் அஃது இல்லாதொழிகின்றது. சிலவற்றில் தலைகீழாகவும் மாறி, வேகம் கூடக் கூட விசை குறைகின்றது. இருதயத்தின் இடப்பக்கத் தசை தன் உணவாகிய இரத்தத்தைப் பெறுவது பெரும்பாலும் சுருங்கும் பொழுதன்று, தளரும் பொழுதே. நிமிடத்திற்கு எழுபது துடிப்பு உள்ளவர்க்கு ஒவ்வொரு துடிப்பிலும் அரை நொடியளவு ஓய்வு கிடைக்கின்றது. நூற்றிருபதாய் உயர்ந்தால், சுருங்கும் நேரம் சிறிதே குறைய, அந்த ஓய்வு நேரமே பெரிதும் வெட்டுண்ணும். உழைப்பு இரட்டிக்கின்றது, உணவு வேளை பறிபோகின்றது. நாள் ஒன்றுக்கு ஓரிலட்சம் முறை நடைபெறும் தொழிலில் இதனால் விளையும் நட்டம் எவ்வளவு! இதன்மேலும், அட்ரினலின் மிகுந்த தசையணுவிற் கால்சியம் மிகுந்து அணுக்கள் மடிகின்றன. தாளம் பிறழ்ந்து திடீர் மரணமும் நேர்கின்றது.

சுவர் தடித்த இருதயங்களுள் ஒருவகைக்கு நேரும் இடர் வேறு. இரத்தம் வெளியேறும் வாயிலருகே தசை தடித்திருப்பதால், ஊக்கம் மிகுந்து இருதயம் இறுகச் சுருங்கும் பொழுது வாயிலே குறுகிவிடுகின்றது. கூட்டம் முண்டியடித்தால் கதவு திறவாததுபோல என்க. ஆடுகளத்தில் திடீரென மயங்கி வீழும் இளைஞர் சிலர்க்கு இந்நோய் மறைந்திருந்தது பின்னரே தெரியவருகின்றது. இவர்க்கும் தணிக்கும் மருந்தே துணை.

பெருக்காத இருதயமும் அட்ரினலின் வெள்ளத்திற் சிக்குண்டால் என்னாகும் என்பதை அறிய நாம் மேல்நாடு செல்ல வேண்டியதில்லை. வரப்பில் கல்லைப் புரட்டினால் போதும். செந்தேளின் விஞ்ஞானப் பெயரில் ‘டாமுலஸ்’ என்று தமிழின் பெயரே ஒட்டியுள்ளது. 1798 இல் பப்ரீசியஸ் என்னும் டேனிஷ் அறிஞர் இட்ட பெயர் அது. பெருமைப்படத்தக்கதோ அன்றோ, அறியோம். அத்தேளின் நஞ்சு நரம்புகளைத் தூண்டி அட்ரினலின் இனத்துப் பொருள்களை மடை திறந்தாற்போல விடுகின்றது. குழந்தைகளின் இருதயம் சில மணி நேரத்தில் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து, வாயில் நுரை தள்ளும். மகாராஷ்டிர மாநிலத்து மஹாட் என்னும் சிற்றூரில் தொழில் செய்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், 1980 க்குப் பிந்திய ஆண்டுகளில் இந்நோயாளரைக் கட்டிலருகே இருந்து கவனித்து, ஆல்பா வாயிலை அடைக்கும் பிராசோசின் என்னும் எளிய மாத்திரையைக் கொடுத்தார். கடுமையாகத் தாக்குண்டவருள் நூற்றுக்கு முப்பதின்மர் வரை இறந்த நிலை மாறி, நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவிற்குக் குறைந்தது என அவர் எழுதியுள்ளார். 2022 இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இருதயத்திற்கு வலுவூட்டும் மருந்தை அவர் தேடவில்லை என்பதே நாம் நோக்கத்தக்கது. அதன் மேல் விழும் அடியைத் தடுத்தார், இருதயம் தானே எழுந்தது. ஆயினும் பீட்டா வாயிலை அடைக்கும் மருந்து தேள்கடிக்கு ஏற்றதன்று. சாட்டையைப் பறிப்பதிலும் முறை உண்டு.

துயர வெள்ளமும் இத்தகையதே. 1990 இல் ஜப்பானில் சாத்தோ என்பார், பேரிழவு கேட்ட மாத்திரத்தில் மாரடைப்புப் போலத் தாக்குண்டு, இருதயம் ஒருபுறம் பானைபோல் உப்பிய நோயாளரைப் பற்றி எழுதி, அவ்வுருவை எண்காலி மீன் பிடிக்கும் குடத்திற்கு ஒப்பிட்டு ‘தாக்கோத்சுபோ’ எனப் பெயரிட்டார். பெரும்பாலும் முதிய மகளிரையே இந்நோய் பற்றுகின்றது. அவருட் பெரும்பாலோர் சில கிழமைகளிற் குணமடைகின்றனர். பழி கேட்ட பாண்டியனும் அவன் தேவியும் அரியணையிலேயே உயிர் நீத்ததாகச் சிலப்பதிகாரம் கூறுவதைப் புலவர் புனைந்துரை என்று முற்றிலும் தள்ளிவிட எமக்கு இப்பொழுது மனம் வருவதில்லை.

தேள்கடியும் துயரமும் சில நாள் வெள்ளங்கள். வடிந்தபின் இருதயம் தேறுகின்றது. பெருத்த இருதயம் உடையார்க்கோ அவ்வெள்ளம் சிறிதாயினும் வடிவதில்லை. இதனை உணராத காலத்தில் அறிஞர் சாட்டையையே மேலும் மேலும் திருத்தி அமைத்தனர். பீட்டா வாயிலைச் சிறிதே தூண்டும் சாமட்டரால் என்னும் மருந்தைக் கடுந்தளர்ச்சி உற்றார்க்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1990 இல் வெளிவந்தது; ஏறத்தாழ நூறு நாட்களில், மருந்துண்டவருள் நூற்றுக்கு ஒன்பதின்மரும், வெறும் மாத்திரை உண்டவருள் நூற்றுக்கு நால்வர்க்குக் குறைவாகவும் இறந்தனர். அடுத்த ஆண்டில், வேறு வழியாக அதே தூண்டுதலை மிகுவிக்கும் மில்ரினோன் மாத்திரையைப் பற்றி 1088 நோயாளரிடம் நடந்து இடையில் நின்றுபோன ஆய்வின் முடிவும் வெளிவந்தது. மருந்துண்டவரிடையே இறப்பு 28 விழுக்காடு மிகுந்திருந்தது. இவ்விரு மருந்துகளும் முதற்சில நாட்களில் இருதயத்தின் இறைப்பை உயர்த்தின என்பதை மறவாதிருப்போமாக. இளைத்த எருதின் முதலிரண்டு நடை!

எதிர்த்திசையில் நடந்தவர் சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்து பின் வாக்ஸ்டைன் என்பார். ஸ்காட்லாந்தினராகிய ஜேம்ஸ் பிளாக், மார்புவலிக்கென்று பீட்டா வாயிலை அடைக்கும் புரோபிரனலாலை 1964 இல் உலகிற்கு அளித்திருந்தார். 1988 இல் நோபல் பரிசும் பெற்றார். அவ்வின மருந்தைத் தளர்ந்து விரிந்த இருதயம் உடையார் எழுவர்க்குச் சிறிய அளவிற் கொடுத்து, அவர் நிலை தேறியதை வாக்ஸ்டைன் குழுவினர் 1975 இல் எழுதினர். ஏழு பேர் மட்டும். ஒப்பிடுதற்கு எதிர்க்குழுவும் இல்லை. பலர் நம்பாமையிற் குற்றமில்லை. ஆயினும் இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்து, 1999 இல், பிசோப்ரோலால் பற்றி 2647 பேரிடமும் மெட்டோப்ரோலால் பற்றி 3991 பேரிடமும் நடந்த இரண்டு பேராய்வுகள் ஒன்றுபோல் உரைத்தன: இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. கார்வெடிலால் என்னும் மருந்தும் அவ்வாறே பயன் தந்தது. சில திங்கள் சென்றபின் விரிந்த இருதயம் சுருங்குதலும், இறைக்கும் ஆற்றல் உயர்தலும், சிலரிடம் அடைபட்ட வாயில்கள் மீண்டும் பெருகுதலும் காணப்பட்டன. ஓய்வு பெற்ற எருது தானே கொழுத்தது.

இவை பிற நாட்டார் கதை என எண்ணற்க. தென்னாசிய மக்களில் நூற்றுக்கு நால்வர் அளவினரின் மரபணுவில், இருதயத் தசைக்குரிய மையோசின் பிணைப்புப் புரதம் சி என்பதன் குறிப்பில் 25 எழுத்துகள் விடுபட்டிருத்தலை, தண்டபாணி, தங்கராஜ் முதலான அறிஞர்கள் 2009 இல் வெளியிட்டனர். விடுபாடு உள்ளவர்க்கு முதுமையில் இருதயம் பெருத்துத் தளரும் இடர் மிகுதி என்று அவர்கள் கண்டனர். பின்வந்த ஆய்வுகள், அவ்விடுபாடு தனித்து நின்றால் தீங்கு அத்துணைப் பெரிதன்று, உடன் வேறொரு பிழையும் கூடியவர்க்கே இடர் எனத் திருத்தின. எங்ஙனமாயினும் அப்புரதத்தின் தொழில் நம் பொருளோடு நெருங்கியது. அது தசையிழைக்குக் கடிவாளம் போன்றது, அட்ரினலின் செய்தி வந்து எட்டும் பொழுது பாஸ்பேட்டு அதன்மேல் ஏறிக் கடிவாளம் நெகிழ்கின்றது, இருதயம் விரைகின்றது. தளர்ந்த இருதயத்தில் அப்பாஸ்பேட்டு ஏற்றம் குறைந்துபோகின்றது. நம்மவர் பலர் பிறவியிலேயே கடிவாளத்தில் ஒரு பழுதுடன் இருத்தல் கூடுமாயின், சாட்டையைப் பற்றி நாம் பிறரினும் மிகுதியாக அறிந்திருத்தல் தகும்.

எம் கருத்துக்குத் தடை கூறுவோர் உளர். இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் ஊசலாடும் வேளையில் மருத்துவமனையார் அட்ரினலினும் டோபூட்டமினும் செலுத்துகின்றனரே என்பர். மெய்தான், வீடு பற்றி எரியும்பொழுது எருது இளைத்ததா கொழுத்ததா என்று பாராமல் வண்டியைப் பூட்டத்தான் வேண்டும். அஃது ஓரிரு நாளைக்கு, கண்காணிப்பின் கீழ் நடப்பது. ஈளை நோய் உடையார் பீட்டா மருந்தை உண்ணலாமோ என்பர். இது தக்க வினா. பஞ்சாலைத் தூசியால் மார்பு கெட்டவர் மலிந்த நகரம் இது. அவர்க்கு மூச்சுக்குழலை விரிக்கும் உறிஞ்சுமருந்து இன்றியமையாததாகலாம். இருதயத்தையே நாடும் பிசோப்ரோலால் போன்றவற்றை மருத்துவர் ஆய்ந்து கொடுத்தலும் கூடும். யாம் அஞ்சுவது, இருதயத் தளர்ச்சியால் வந்த இரைப்பையும் இருமலையும் ஈளையென்று தாமே முடிவுகட்டி, இருதயத்தைச் சோதியாமல் ஆண்டுக்கணக்கில் ஊக்க மருந்தை உறிஞ்சுவாரைக் குறித்தே.

மாத்திரை உண்டால் ஓய்ந்துபோகின்றது என்னும் முறையீடும் பொய்யன்று. முதற்சில கிழமைகளில் அசதி மிகுதல் உண்டு. அதனாலேயே, நீர்க்கோவை வடிந்தபின், பிசோப்ரோலாலை 1.25 மில்லிகிராம் அளவில் தொடங்கி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை சிறிது சிறிதாக ஏற்றி, தாங்குமாயின் 10 வரை கொண்டுசெல்கின்றனர். பயன் தெரியத் திங்கள் பல ஆகும். இச்செய்தியைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் கொடுத்தால், உண்பவர் இடையில் விடுவதில் வியப்பில்லை. இடையில் திடீரென விடுதலோ உண்ணாதிருத்தலினும் கொடிது; அடைத்த கதவுகள் பெருகியிருக்கும் வேளையில் சாட்டை மீண்டும் வீசப்படுதலின், மார்புவலியும் மாரடைப்பும் நேர்ந்தமை 1975 ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுள்ளது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், திருவனந்தபுரத்தில் 2013 இல் இருதயத் தளர்ச்சிக்காக மருத்துவமனைகளிற் சேர்ந்த 1205 பேரைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். இறைக்கும் ஆற்றல் குறைந்தவருள், நூல்கள் விதித்த மருந்துகளோடு வீடு திரும்பியவர் நாலில் ஒரு பங்கினரே. கல்வியில் முந்திய நாட்டிலேயே நிலை அதுவாயின், கோவை நோயாளரை மட்டும் குறைகூறுவது எங்ஙனம்? மருத்துவரும் நாணவேண்டிய பங்கு இதில் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தால் அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. மாத்திரையோடு அதன் காரணமும் வாயிலுக்கு வருதல் அரிதோ? மருத்துவச் சீட்டு ஆங்கிலத்தில், அதுவும் எவர்க்கும் விளங்காக் கையெழுத்தில் இருப்பதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இம்மலர் போதாது.

சீட்டின் அடியில் அச்சிடத்தக்க தமிழ் வாசகம் ஒன்றை யாம் எழுதிப் பார்த்தோம்: “இம்மாத்திரை உங்கள் இருதயத்தின் விரைவைத் தணித்து அதற்கு உண்ணவும் ஓயவும் நேரம் தருகின்றது. தொடக்கத்தில் அசதி இருக்கலாம். பயன் சில திங்களில் தெரியும். எம்மைக் கேளாமல் நிறுத்தாதீர்.” மருந்துக் கடையில் இருமற் பாகு கேட்பவரிடம் கடைக்காரர் கேட்கவேண்டியது அதனினும் சுருங்கியது: “இருதய மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீங்களா? படுத்தா மூச்சு முட்டுதுங்களா?” இவ்விரண்டில் ஒன்றுக்கு ஆம் என்பவரை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். இவற்றினும் செவ்விய வாசகம் எழுதவல்லார் நம் மாணவருட் பலர் உளர். அவர் எழுதித் தமிழ்ப் பகுதிக்கு அனுப்புவாராயின், அடுத்த மலரில் இடம் ஒதுக்கக் காத்திருக்கின்றோம்.